குளிர்காலத்தின் மிகப் பெரிய ஒப்பந்தம்

மொன்றியல் மார்மோத் பேஸ்போல் கழகம் சென்ற பருவத்தில் நூற்றுப் பதினொரு ஆட்டங்களில் தோற்றது. இதைத் தோல்வி என்று சொல்வது நாகரிகமல்ல என்று கழகத் தலைவர் மிஸ்யே த்ரெபானியே பத்திரிகையாளர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

"நூற்றுப் பதினொரு தடவை விருந்தாளிகளை மகிழ்ச்சியோடு வழியனுப்பியிருக்கிறோம். விருந்தோம்பல் இந்த நகரத்தின் ஆன்மா."

மார்மோத் என்பது குளிர்காலம் முழுவதும் வளைக்குள் படுத்துத் தூங்கும் ஒரு கொழுத்த பிராணி. கழகம் அப்படித் தூங்கவில்லை. பேஸ்போலில் குளிர்காலம்தான் ஆள் பிடிக்கும் காலம். மற்றக் கழகங்கள் பந்தை எறிகிறவனையும் அடிக்கிறவனையும் வாங்கிக்கொண்டிருக்க, மார்மோத் கழகம் நவம்பரில் ஒரு வாசனை நிபுணரை ஒப்பந்தம் செய்தது. அரங்கத்தில் வெற்றியின் வாசனையைப் பரப்புவது அவர் பொறுப்பு. டிசம்பரில் மதாம் புஷார் என்ற அம்மையார், தலைமைச் செவிமடுப்பு அதிகாரி என்ற புதிய பதவிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தார். ஜனவரியில், மார்மோத் உடுப்பைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக் குதிப்பதற்கு இரண்டாவது ஆளையும் எடுத்தார்கள். முதலாவது ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? தூரநோக்கு.

அடிக்கிறவர்களைத் திணறடிக்கப் பந்தெறிய ஒரு இடதுகைக்காரன்கூட இல்லை என்பதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. எமிலியானுஸ் மட்டும் அலட்டிக்கொண்டார்.

எமிலியானுஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. பின்னேரம் மூன்று மணிக்கு புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை தொடங்குவார். அவர் மனைவி அக்னெஸ் காலை ஏழு மணிக்கு நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தொடங்குவாள். இருவரும் புரோசார்ட்டில் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் துண்டுகளே சாட்சி. 'பால் முடிஞ்சுது.' 'பைப்காரன் வியாழன் வாறான்.' 'நேற்றும் பிட்டு மிச்சம், ஏன் சாப்பிடேல்லை?' முப்பது வருடத் தாம்பத்தியத்தின் பெரும்பகுதி அந்தக் கதவில்தான் நடந்தது.

மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருந்தால் அதுவும் போய்விடும். நான்கு நாடுகளில் இருந்து நான்கு சகோதரிகள் அக்னெஸை முறைவைத்துத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். ஆகவே பதினான்கு வருடங்களாக, கோடையில் வரும் ஞாயிறுகளில் தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு இருவரும் மார்மோத் அரங்கத்துக்குப் போனார்கள். முந்நூற்றுப் பதினெட்டாம் பிரிவு, கடைசி வரிசை, ஏழாம் எட்டாம் இருக்கைகள். முன்னால் ஒரு சீமெந்துத் தூண். மைதானத்தில் ஓடுகிறவன் தொட்டுவரும் மூலைகளில் ஒன்றான மூன்றாம் தளத்தை அது முழுதாக மறைத்தது. அக்னெஸுக்கு அது குறையாகவே படவில்லை. அவள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. தொலைபேசியை நிறுத்திப் பைக்குள் போட்டுவிட்டுக் கதைப்பாள்.

பேஸ்போல் கதைப்பதற்கென்றே கண்டுபிடித்த விளையாட்டு. எறிகிறவன் தொப்பியைத் தொடுவான், தோளைக் குலுக்குவான், காலால் மண்ணைக் கிளறுவான், பிறகு யோசிப்பான். அதற்குள் ஒரு குடும்பப் பிரச்சினையைத் தொடங்கி முடித்துவிடலாம். புரோசார்ட் வீட்டை வாங்குவதென்று தீர்மானித்தது அந்த இருக்கைகளில்தான். மகள் பிரஷாந்தினி ஒரு கிரேக்கப் பொடியனைக் கட்டுவதற்கு இருவரும் சம்மதித்ததும் அங்கேதான். அன்று மார்மோத் ஒன்பது ஓட்டங்களால் தோற்றது. எமிலியானுஸுக்கு மகளைவிட அணியைப் பற்றித்தான் கவலை அதிகமாக இருந்தது. அதனால் சம்மதம் சுலபமாக வந்தது.

பெப்ரவரியில் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. 'அன்புள்ள குடும்பத்தவரே' என்று தொடங்கியது. இரண்டு இருக்கைகளுக்கும் பருவக் கட்டணம் இரண்டரை மடங்காகியிருந்தது. காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: தங்கள் இருக்கைக்கு முன்னாலுள்ள தூண், 'பாரம்பரியத் தூண்' எனத் தரமுயர்த்தப்பட்டுள்ளது.

ஞாயிறு பூசை முடிந்து காரில் வரும்போது எமிலியானுஸ் கடிதத்தை அக்னெஸிடம் நீட்டினார்.

"இந்தக் காசுக்கு அந்தத் தூணையே புடுங்கிக்கொண்டு வந்து வீட்டிலை நடலாம்," என்றாள் அக்னெஸ். "விடுங்கோப்பா. இந்த வருசம் போகாம இருப்பம்."

"அப்ப எப்ப கதைக்கிறது?"

கார் பாலத்தில் ஏறியது. ஆறு உறைந்துகிடந்தது. பாலம் முடியும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அதுதான்," என்றாள் கடைசியில்.

"நான் எழுதுறன்."

"எழுதுங்கோ. ஆனா உங்கடை வழக்கமான கடிதம் மாதிரி எழுதாதையுங்கோ. விலையைக் குறை, ஒரு இடதுகைக்காரனை எடு. ரெண்டு வரி காணும்."

"அது கடிதமோ? அது தந்தி."

எமிலியானுஸ் பதினாறு வருடம் ஒரு தமிழ் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருந்தவர். நகரபிதாவுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஆயருக்கும் கடிதம் எழுதிப் பழகிய கை. முதல் பந்தியிலேயே விஷயத்தைச் சொல்பவன் வளர்ப்பில்லாதவன் என்பது அவருடைய உறுதியான கொள்கை. பெரியவர்களை முதலில் குளிரவைக்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் குளிரவைக்க வேண்டும். அவர்கள் நடுங்கத் தொடங்கும்போது, போகிற போக்கில் சொல்வதுபோல, கேட்க வந்ததைக் கேட்க வேண்டும்.

மூன்று இரவல் அகராதிகளோடும் இரண்டு வார இறுதிகளோடும் அவர் எழுதிய விண்ணப்பம் நான்கு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் மிஸ்யே த்ரெபானியேயின் தலைமையைக் கண்டு மொன்றியலின் மேப்பிள் மரங்கள் பெருமைப்பட்டன. இரண்டாம் பக்கத்தில் அவருடைய தீர்க்கதரிசனம் விரிவாகப் பேசப்பட்டது. மூன்றாம் பக்கம் கழகத்தின் கொடைத்திறம் பற்றியது. இதற்கு ஆதாரம் கிடைக்காததால் பொதுவாக எழுதியிருந்தார். நான்காம் பக்கத்தின் அடியில், 'தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மனமில்லாதபோதிலும்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தின் வாலில், இருக்கைகளின் விலையும் இடதுகைப் பந்தெறிபவனும் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் கழகம் அவரை நேரில் அழைத்தது.

"பாத்தீரோ?" என்று அக்னெஸுக்கு ஒரு துண்டு எழுதிக் கதவில் ஒட்டினார்.

"பாப்பம்," என்று மறுநாள் பதில் ஒட்டியிருந்தது.

அரங்கத்தின் அலுவலகத்தில் அவரை வரவேற்றது ஒரு தமிழ்ப் பிள்ளை. சேலத்திலிருந்து படிக்க வந்து அப்படியே வேலையில் ஒட்டிக்கொண்டவன்.

"வணக்கம் அங்கிள். நான் தமிழ்மாறன், விலைப் பிரிவு."

"தம்பிதானோ விலை போடுறது?"

"ஐயையோ, நான் இல்ல அங்கிள். சிஸ்டம் போடுது. அது ஏன் அப்படிப் போடுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

"ஏனாம் போடுது?"

"ரெண்டு வருஷமா பாத்துட்டு இருக்கேன். இன்னும் தெரியல."

எமிலியானுஸ் குரலைத் தாழ்த்தினார். "அரங்கத்துக் கடையிலை அந்த ஹொட்டோக் விலை ஏன் தம்பி ஆட்டம் நடக்க நடக்க மாறுது?"

"அது மக்களோட மூடுக்கு ஏத்த மாதிரி அங்கிள். நம்ம டீம் அடிச்சா சந்தோஷத்துல நெறைய வாங்குவாங்க. அதனால ஏறும்."

"அப்ப தோக்கேக்கை குறையவேணுமே?"

"இல்ல, தோத்தா துக்கத்துல நெறைய சாப்பிடுவாங்க. அதுக்கும் ஏறும்."

"எப்பதான் குறையும்?"

தமிழ்மாறன் தலையைச் சொறிந்தான். "மழை பெஞ்சு ஆட்டம் கேன்சல் ஆனா குறையும். ஆனா அப்ப கடை பூட்டியிருக்கும்."

செவிமடுப்பு அறையின் சுவர்கள் முழுவதும் மெத்தை அடித்திருந்தது. வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்ளே சொல்வதும் வெளியே போகாது. மதாம் புஷார் நெஞ்சில் கையை வைத்து, கண்களை மூடி, "நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்," என்றார். எமிலியானுஸ் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"மிஸ்யே எமிலியானுஸ், சென்ற வருடம் எங்களுக்கு நாற்பதாயிரம் கடிதங்கள் வந்தன. அவற்றை வாசித்திருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். செவிமடுப்பவர் உடைந்துபோனால் யார் செவிமடுப்பது? ஆகவே ஓர் இயந்திரம் வாங்கினோம். அது கடிதத்தை வாசித்து, சொற்களை எறிந்துவிட்டு, உணர்ச்சியை மட்டும் நிறமாகக் காட்டும். நாற்பதாயிரமும் சிவப்பு. உங்களுடையது மட்டும் பச்சை. நான் அழுதுவிட்டேன்."

"மதாம், அந்த நாலாம் பக்கத்திலை..."

"இயந்திரம் மூன்றாம் பக்கத்திலேயே நிறைவடைந்துவிட்டது."

அப்போது கதவு திறந்தது. மிஸ்யே த்ரெபானியேயும் அவர் பின்னால் ஒரு புகைப்படக்காரரும் வந்தார்கள். எமிலியானுஸ் சட்டென்று எழுந்து தம் பைக்குள் கையை விட்டார். பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போவது அவர் பரம்பரையில் இல்லை. புரோசார்ட் தமிழ்க் கடையில் வாங்கிய பொன்னாடையை விரித்துத் தலைவரின் தோளில் போட்டார். தலைவர் முதலில் பின்வாங்கினார். சரிகை பளபளத்ததும் நின்றார். புகைப்படக்காரர் பதினேழு படங்கள் எடுத்தார்.

தலைவர் பொன்னாடையைக் கழற்றாமலே பேசினார்.

"மக்கள் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள். விலை என்றால் என்ன? அன்பின் அளவு. நான் மலிவாகக் கொடுத்தால் அவர்கள் அன்பு மலிவானது என்று சொன்னதாகிவிடும். அந்த அவமானத்தை என் இரசிகருக்கு நான் செய்யமாட்டேன். வீரர்களை வாங்கு என்கிறார்கள். வாங்கினால் வெல்வோம். வென்றால் இரசிகர் வெற்றியைப் பார்க்க வருவார். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் வருகிறாரே, அவர்தான் நம்மைப் பார்க்க வருகிறவர். அந்த அன்பைக் குலைக்க ஒரு இடதுகைக்காரனுக்குக் கோடிக்கணக்கில் கொட்டிக்கொடுக்க நான் என்ன மடையனா?"

மதாம் புஷார் மறுபடியும் அழுதார். பிறகு எமிலியானுஸைப் பார்த்து, "உங்களுக்கு வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் எமிலியானுஸ் தவறினார். யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டால், முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரம் சீச்சீ என்பது பண்பு. மூன்றாம் தரம்தான் தேத்தண்ணீருக்குச் சீனி எவ்வளவு என்ற பேச்சு வரும். கனடாவில் ஒரே ஒரு தரம்தான் கேட்பார்கள் என்பது முப்பது வருடமாக அவருக்குத் தெரியும். ஆனாலும் பொன்னாடை போர்த்திய ஒரு தலைவருக்கு முன்னால் நிற்கும்போது கனடா மறந்துவிட்டது.

"சீச்சீ, ஒண்டுமில்லை," என்றார் பிரெஞ்சில்.

இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தார். தலைவர் கைகொடுத்தார். மதாம் கைகொடுத்தார். கதவு மூடியது.

"ஏன் அங்கிள் ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க?" என்று தமிழ்மாறன் வெளியே தலையில் அடித்துக்கொண்டான்.

"திருப்பிக் கேப்பினம் எண்டு பாத்தன்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான். இங்க மாட்டாங்க அங்கிள். எனக்கு முத மாசம் பூரா பசி."

இரண்டு வாரம் கழித்து மதாம் புஷார் தாமே தொலைபேசியில் வந்தார். கழகம் எமிலியானுஸை ஒப்பந்தம் செய்ய விரும்புகிறது என்றார். இரசிகராக. நான்கு ஆண்டு. அவருடைய இருக்கை அவருக்கே. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

"என்ரை மனுசியும் பக்கத்திலை இருப்பா. அவவுக்கும் இடம் இருக்குமோ?"

"குடும்பம்தான் எங்கள் அடிப்படை விழுமியம்," என்றார் மதாம்.

இதை எமிலியானுஸ் 'ஓம்' என்று விளங்கிக்கொண்டார்.

ஒப்பந்தத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடந்தது. தொண்டையைப் பார்த்தார்கள். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கும் முழங்கால்களைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் கைதட்டுகிறார் என்று எண்ணினார்கள். தோல்வியின்போது முகம் எவ்வளவு தொங்குகிறது என்பதை ஒரு கருவி அளந்தது. பதினான்கு வருடப் பயிற்சி வீண்போகவில்லை, மிகச் சிறந்த புள்ளி கிடைத்தது. ஒப்பந்தம் நாற்பத்திரண்டு பக்கம். மகள் பிரஷாந்தினியிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன் என்றார். செய்தியாளர்கள் காத்திருக்கிறார்கள் என்றார்கள். பத்துப் பேரைக் காக்கவைப்பது மரியாதையில்லை. கையெழுத்தை வைத்தார்.

மேடையில் 'எமிலியானுஸ் 58' என்று முதுகில் அச்சிட்ட மேலங்கியை அவருக்கு மாட்டினார்கள். "இதுவே இந்தக் குளிர்காலத்தின் மிகப் பெரிய ஒப்பந்தம்," என்று தலைவர் அறிவித்தார். "மற்றக் கழகங்கள் வீரர்களை வாங்குகின்றன. வீரனுக்கு முழங்கை உடையும், மனம் மாறும், வேறு நகரம் ஆசை காட்டும். இரசிகன் எங்கே போவான்? அவனுக்குப் போக இடமில்லை. இதைவிடப் பாதுகாப்பான முதலீடு உண்டா?"

அவருக்குப் பின்னால் திரையில் விண்ணப்பத்தின் முதல் மூன்று பக்கங்களும் பெரிதாகத் தெரிந்தன. தலைப்பு: 'புதிய விலைகளை வரவேற்று ஓர் இரசிகரின் மடல்.'

அன்றைக்கு விளையாட்டு வானொலியில் இரண்டு மணி நேரம் அவரைப் பற்றியே பேசினார்கள். நான்கு ஆண்டு அதிகம் என்றார் ஒருவர். நான்காம் ஆண்டில் அந்தத் தொண்டை தாங்காதாம். அனுபவசாலி, துன்பம் தெரிந்தவர் என்றார் மற்றவர். இடதுகைக்காரனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

புவாண்ட்-கிளேருக்கு அவரோடு ஒரே காரில் வேலைக்கு வரும் ஆனந்தராசா, கிரிக்கெற் தவிர வேறொன்றையும் விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளாதவர். அவர் அன்று சீற் பெல்ற்றைப் போடவும் மறந்து சிரித்தார்.

"எத்தினை மில்லியன் எமிலி?"

"ஒண்டும் தரேல்லை. கௌரவம்."

"கௌரவமோ! அப்ப வரி கட்டத் தேவையில்லை, நல்லதுதான். மனுசிக்கும் கௌரவமோ, இல்லாட்டி அவ ரிக்கற் எடுக்கோணுமோ?"

"அவவுக்கும் எல்லாம் சேத்துத்தான்."

"ஒப்பந்தத்தை வாசிச்சனியோ?"

எமிலியானுஸ் வானொலிச் சத்தத்தைக் கூட்டினார்.

அக்னெஸ் எட்டாம் இருக்கைக்கு ரிக்கற் எங்கே என்று கேட்டபோதுதான் அவர் தமிழ்மாறனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அங்கிள், எட்டாம் சீட் இப்ப 'அருகிருக்கை அனுபவம்'. நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அதனால டிமாண்ட் கூடிருச்சு. சிஸ்டம் விலைய ஏத்திருச்சு. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு என்ன விலைன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

"நான் இருக்கிறதாலைதான் ஏறுதோ?"

"ஆமா."

"அப்ப நான் எழும்பிப் போனா இறங்கும்?"

"எழுந்திரிக்க முடியாதே அங்கிள். பதினொண்ணாம் பக்கம். கடைசி பால் வரைக்கும் உக்காந்திருக்கணும், பாத்ரூமுக்கு ரெண்டு தடவை."

"மதாம் சொன்னவ குடும்பம்தான் அடிப்படை எண்டு."

"அது வேற அங்கிள். அது சுவத்துல எழுதியிருக்கு."

செய்தி கேட்ட அக்னெஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "என்னோடை கதைக்கிறதுக்கு ஒரு இடம் கேக்கப் போய், அதை வித்துப்போட்டு வந்திருக்கிறியள்," என்று மட்டும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசி மணி அடித்தது. நோர்வேயிலிருந்து மூத்த சகோதரி.

பருவம் தொடங்கியது. ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் கழகத்தின் கார் தேவாலய வாசலிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போனது. எமிலியானுஸ் ஏழாம் இருக்கையில் தனியாக இருந்தார். எட்டாம் இருக்கையில் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொருவர். ஒரு பல் வைத்தியர் வந்து, "உண்மையான துயரத்தை ஒரு தரம் காட்டுங்கள், மகனுக்குப் படம் எடுக்க வேண்டும்," என்றார். காட்டினார். புதுமணத் தம்பதியொன்று இரண்டு இருக்கையும் கேட்டு வந்து, ஏழாம் இருக்கையில் இவர் இருப்பதைக் கண்டு ஏமாந்து, எட்டாம் இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராக இருந்தது. தூணில் பித்தளைப் பலகை பதித்தார்கள். கழகக் கடையில் பொன்னாடை விற்பனைக்கு வந்தது. மார்மோத் படம் போட்டது, துவைக்கக் கூடாதது. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் அவர் முகத்தைப் பெரிய திரையில் காட்டினார்கள். 'இந்தத் துயரத்தை உங்களுக்கு வழங்குபவர்கள்' என்று ஒரு மெத்தைக் கம்பனியின் பெயர் அடியில் ஓடியது.

வீட்டில் துண்டுகள் குறைந்தன. யூனில் ஒரு துண்டு மட்டும்: 'உங்களோடை ஒரு விசயம் கதைக்க வேணும். கதவிலை எழுதேலாது.'

அவர் அதன் அடியில் 'என்ன விசயம்?' என்று எழுதினார். மறுநாள் அந்தத் துண்டு கதவில் இல்லை.

யூலை இரண்டாம் ஞாயிறு, ஏழாம் சுற்று தொடங்கும்போது, எட்டாம் இருக்கையிலிருந்த மனிதரை ஊழியப் பெண்ணொருத்தி எழுப்பி அனுப்பினாள். படிகளில் அக்னெஸ் ஏறி வந்தாள். பூசைக்குப் போன அதே நீலச் சேலை. மூச்சு வாங்கினாள்.

"நீரோ?"

"அரைச் சுற்றுக்கு எடுத்தனான். இப்ப அப்பிடியும் விக்கினமாம். அந்தச் சேலத்துப் பொடியன் தன்ரை ஊழியர் கழிவிலை போட்டுத் தந்தவன். முழு ஆட்டத்துக்கு எங்களாலை ஏலாது."

ஊழியப் பெண் குனிந்து விதிகளை ஒப்புவித்தாள். "அரைச் சுற்று, மதாம். எதிரணியில் மூன்று பேர் ஆட்டமிழந்ததும் அது முடிந்துவிடும். உடனே எழுந்துவிட வேண்டும். அடுத்தவர் வரிசையில் நிற்கிறார்."

"எவ்வளவு நேரம் வரும்?" என்று அக்னெஸ் கணவரைக் கேட்டாள்.

"நேரக்கணக்கு இல்லை. மூண்டு பேர் அவுட்டாக வேணும். கெதியாச் சொல்லும், என்ன விசயம்?"

அவள் உடனே சொல்லவில்லை. அவளுக்கு அப்படி வராது. முதலில் நிலவறையில் தண்ணீர் கசிகிறது என்றாள். முதல் ஆள் அடித்த பந்து நேரே போய்க் கையில் விழுந்தது. ஒருவர் அவுட். பிரஷாந்தினி தொலைபேசி எடுத்தவள் என்றாள். இரண்டாம் ஆள் மூன்று வீச்சிலும் காற்றையே அடித்தான். இரண்டு பேர் அவுட். மார்மோத் அணி இவ்வளவு திறமாக எறிந்து அந்த வருடம் யாரும் பார்த்ததில்லை. அரங்கம் எழுந்து நின்றது. எமிலியானுஸ் அக்னெஸின் கையைத் தட்டினார்.

"இன்னும் ஒராள்தான். சொல்லுமப்பா!"

"சொல்லுறன், சொல்லுறன். ஆக்கினைப்படுத்தாதையுங்கோ."

அதற்குப் பிறகு எறிகிறவனுக்குப் பழைய புத்தி வந்தது. மூன்றாமவனுக்கு நான்கு பந்தையும் அகல எறிந்து தளத்துக்கு நடக்க விட்டான். நான்காமவனையும் நடக்க விட்டான். ஐந்தாமவன் தூணுக்கு அந்தப் பக்கம் எங்கோ அடித்தான். ஓட்டம் ஒன்று, இரண்டு. எறிகிறவனை மாற்ற ஆள் இல்லை. ஆறாமவனும் அடித்தான். ஜனங்கள் தலையில் கைவைத்தார்கள். எமிலியானுஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நாற்பது வருட விளையாட்டு இரசனையில் முதல் தடவையாக, தம் அணி அடிவாங்குவது அவருக்கு இனித்தது.

ஓட்டங்கள் ஏழாயின. அக்னெஸ் ஆறுதலாகச் சாய்ந்து இருந்தாள். பழைய நாட்களைப் போலத் தோளைச் சாய்த்து, மைதானத்தைப் பார்க்காமல், அவர் காதுக்குள் கதைத்தாள். அடுத்த வீட்டுக்காரி வேலி போடப்போகிறாள். றெஜினா மாமி விழுந்து எழும்பியிருக்கிறா. ஊழியப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். விதியில் கடிகாரம் இல்லாததால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்தவர் படியில் இருந்துவிட்டார்.

பதினோராவது ஓட்டத்தில் அக்னெஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சருங்கோ. இல்லத்திலை சனங்களைத் தூக்கித் தூக்கி என்ரை தோள் பழுதாப் போச்சு. டொக்டர், வேலையை நிப்பாட்டட்டாம் எண்டுறார். பிரஷாந்தினி தங்களோடை வந்து ரொறன்ரோவிலை இருக்கட்டாம் எண்டு கேக்கிறாள். நீங்கள் நாலு வருசத்துக்கு இஞ்சை எழுதிக் குடுத்திட்டியள். நான் போகட்டோ, இருக்கட்டோ? நான் உங்களைத்தான் கேக்கிறன். நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்."

எமிலியானுஸ் அவள் பக்கம் திரும்பினார். பதில் அவருக்குத் தெரியும். எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. எதையும் நேரே சொல்லிப் பழகாத மனிதர். "அக்னெஸ், நீர் இந்த முப்பது வருசமா..." என்று ஆரம்பித்தார்.

அடித்த சத்தம் கேட்டது. பந்து மேலே போனது. நேர் மேலே, வெளிச்ச விளக்குகளுக்கு அருகில், வெயிலுக்குள் மறைந்து, சின்னதாகித் திரும்பியது. இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் பின்னுக்கு ஓடினான். அந்தப் பருவத்தில் பத்தொன்பது பந்துகளைக் கையில் வாங்கி நிலத்தில் போட்டவன் அவன்.

"பிடிக்காதை!" என்று எமிலியானுஸ் எழுந்து நின்று கத்தினார். "டேய், பிடிச்சிடாதையடா!"

பெரிய திரையில் அவர் முகம் தெரிந்தது. அடியில், 'எமிலியானுஸ் தம் தாய்மொழியில் பிரார்த்திக்கிறார்' என்று எழுத்து ஓடியது. முப்பதாயிரம் பேர் உருகிப்போய் அந்தச் சொற்களைத் தங்களுக்கு வந்தபடி திருப்பிக் கத்தினார்கள். தடுப்பாட்டக்காரன் சத்தம் வந்த திசையைப் பார்த்தான். தனக்காக ஒரு அரங்கம் முழுவதும் மன்றாடுவதை அவன் வாழ்க்கையில் கண்டதில்லை. பாய்ந்தான். புல்லில் ஒரு தரம் உருண்டான். கையுறையை உயர்த்திக் காட்டினான்.

பந்து அதற்குள் இருந்தது.

"மதாம்," என்றாள் ஊழியப் பெண்.

அக்னெஸ் எழுந்தாள். சேலையைச் சரிசெய்தாள். பையைத் தோளில் போடப் போய், வலித்து, மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"என்னெண்டு சொல்லுங்கோவன்," என்றாள்.

இரைச்சலில் அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது. அடுத்தவர் தம் கமராவோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். எமிலியானுஸ் வாயைத் திறந்தார். திரையில் அவர் முகம் இன்னும் இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் இருபத்தாறாம் பக்கம். நீலச் சேலை படிகளில் இறங்கித் தூணுக்கு அந்தப் பக்கம் போகும்வரைக்கும், இரண்டு கைகளாலும், நிமிடத்துக்கு நூற்றிருபது தரம், அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.